பிரேக்கில் இருந்த கால்

வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்பதைத்தான். இருபத்தாறு வருடமாகத் திருப்பாலைவனத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். பேய் என்று வந்த வண்டிகளில் எலி கடித்த வயரைப் பார்த்திருக்கிறேன், ஹாரனுக்குள் கூடு கட்டிய குளவியைப் பார்த்திருக்கிறேன், சீட்டுக்கு அடியில் அழுகிப்போன அரைக்கிலோ இறாலைப் பார்த்திருக்கிறேன். பேயை மட்டும் பார்த்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்த ஏரிக்கரையில் அந்தப் பேய் நாலு சக்கரத்தில் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே, தேவகி அந்த வியாழக்கிழமை மத்தியானம் பிக்கப்பைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தி, "அண்ணே, வண்டில அவரு இருக்காருன்றாங்க" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது கங்காதரனின் வண்டி.

கங்காதரன் அவள் புருஷன். கடலோரக் குப்பத்திலிருந்து கூடைக்காரப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, பழவேற்காட்டு ஏரிப் பாலத்தைத் தாண்டிப் பொன்னேரி மார்க்கெட்டில் இறக்கிவிடுவான். இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதத்தில் ஒரு நாள், பாலத்து இறக்கத்தில் வரும்போது ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. பின்னால் பதினோரு பெண்கள். கீழே பஸ்ஸுக்கு நின்ற கூட்டம். வண்டி அந்தக் கூட்டத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. பாலத்தடியில் இருக்கும் எல்லையம்மன்தான் வண்டியைக் கையால் தடுத்து நிறுத்தினாள் என்று குப்பமே சொன்னது. பாலத்து மேலேயே உயிர் போய்விட்டவன் எப்படிப் பிரேக் பிடிப்பான் என்று கேட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தேவகியே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவன் இருக்கும்போதே ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்திருந்தாள். அன்றைக்குப் பாலத்து இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியதும் வண்டி உதறியது. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் உதறுகிறது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. நாளைக்குள்ள இந்த ஒதறல் நிக்கணும்ணே. இல்லன்னா சனிக்கெழமலேர்ந்து எல்லாரும் ரஞ்சித்குமார் வண்டில ஏறிப்பாங்களாம். இளவரசியக்கா சொல்லிடுச்சு."

பேர்தான் இளவரசி. வயது அறுபத்தைந்து. கூடைக்காரிகளுக்கெல்லாம் தலைவி. அந்தம்மா ஒன்று சொல்லிவிட்டால் குப்பத்தில் கடலே பின்வாங்கும். பதினோரு பேரும் இறங்கிவிட்டால் தேவகிக்கு வண்டி இருந்து என்ன, இல்லாமல் என்ன.

"இளவரசி இன்னா சொல்லுது?"

"அவரு எறங்க மாட்டேன்றாராம். பாதி சவாரில செத்ததால கோவமாம். எறக்கத்துல ஒதறுறது வண்டி இல்லியாம், அவருதானாம்." அவள் அழவில்லை. ஆனால் அடுத்ததைக் கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. "நீயே சொல்லுண்ணே, அவரு யாரையாச்சும் பயமுறுத்துற ஆளா?"

இல்லை. எதிரில் கோழி வந்தாலும் நிறுத்தி வழிவிடுகிறவன் அவன்.

இதுவரை என்ன வைத்தியம் பார்த்தாள் என்று கேட்டேன். பெண்கள் நச்சரித்து, வேறொரு மெக்கானிக் பிரேக் பேடை மாற்றியிருக்கிறான். சரியாகவில்லை. போன சித்திரையில் பொன்னேரி லேத்தில், பேட் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்கைச் சீவியிருக்கிறார்கள். இருபது நாள் தொல்லையில்லை. இருபத்தோராம் நாள் மறுபடியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பெண்கள் நிஜமாகவே பயந்திருக்கிறார்கள். சீவினாலும் போகாமல் திரும்பி வருவது பேயில்லாமல் வேறு என்ன?

இரண்டு வருடம் அவள் என்னிடம் ஆயில் மாற்ற வந்தாள், கிளட்ச் பார்க்க வந்தாள். இந்த உதறலுக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எனக்கும் ஒரு காரணம் இருந்தது. பிறகு சொல்கிறேன்.

"ஏறு. பாத்துடலாம்" என்றேன்.

பொன்னேரி ரோட்டில் நானே ஓட்டினேன். அறுபதுக்கு ஏற்றி, பிரேக்கை மெதுவாக மிதித்தேன். ஸ்டியரிங் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் குலுக்கியது. பெடல் காலுக்கடியில் விட்டு விட்டு அடித்தது. குளிரில் நடுங்குகிற ஒருவனைத் தோளில் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. பக்கத்தில் தேவகி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பயத்தில் மூடியவளின் முகமாக அது இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டியரிங் உதறினால் கோளாறு முன் சக்கரத்தில். சீட் உதறினால் பின்னால். பின்னாலும் இருக்கிறதா என்று பார்க்க, ஓடும்போதே கை பிரேக்கை லேசாக இழுப்பது என் வழக்கம். இழுத்தேன். லீவர் எந்தப் பிடிமானமும் இல்லாமல் மேலே வந்தது, செத்த பாம்பைத் தூக்கியதுபோல.

"கை பிரேக் எங்கம்மா?"

"எந்த மீன் வண்டில கை பிரேக் வேல செய்யுது?"

அதுவும் உண்மைதான். ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாகக் கீழே ஒழுகி ஒழுகிக் கேபிள் துருப்பிடித்து அறுந்துவிடும். இந்தப் பக்கத்தில் யாரும் அதை மாற்றுவதில்லை. வண்டியை நிறுத்தினால் காலால் அழுத்திக்கொண்டிருப்பார்கள். இறங்க வேண்டுமானால் டயருக்கு அடியில் கல்.

"சரி. இப்படிக் கால அமுக்கிக்கினு எங்கெங்க நிப்ப?"

"எங்க நிக்கப் போறேன்? வெள்ளிக்கெழம எல்லையம்மன் கோயிலாண்ட நிப்பேன். பாலத்த விட்டு எறங்கின ஒடனே."

அங்கே என்ன நடக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கு ஏறியது. உதறல் தொடங்கியதிலிருந்து வெள்ளி தவறாமல் அங்கே வண்டி நிற்குமாம். இளவரசி மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குடத்துத் தண்ணீரோடு இறங்கி, முன் சக்கரம் இரண்டிலும் ஊற்றிப் பாடுவாளாம். அவன் சூடு தணியட்டும் என்று.

"ஊத்தினா உள்ளேருந்து உஸ்ஸுனு சத்தம் வரும்ணே. அவரு பெருமூச்சு வுடறாருன்னு எல்லாம் கையெடுத்துக் கும்புடும்."

"காஞ்ச இரும்புல பச்சத்தண்ணிய ஊத்தினா உஸ்ஸுங்காம தாலாட்டா பாடும்? எறக்கம் பூரா பிரேக் புடிச்சுக்கினு வந்து, டிஸ்கு தணலா கொதிக்கும்போது தண்ணியக் கொட்டினா, அது ஒதறாம இன்னா பண்ணும்? பேய ஓட்டறேன்னு தீனி போட்டு வளத்துக்கினு இருக்கீங்க!" நான் கத்தினேன். "அந்த நேரத்துல நீ இன்னா பண்ணுவ?"

"நான் எங்க எறங்கறது? கால எடுத்தா வண்டி உருளும். பிரேக்க அமுக்கிக்கினு உள்ளயே கும்புடுவேன்."

"எவ்ளோ நேரம்?"

"அக்கா பாடி முடிக்கறவரைக்கும். அஞ்சு நிமிசம் இருக்கும்."

பாதி விடை அப்போதே எனக்குக் கிடைத்துவிட்டது. கொதிக்கிற டிஸ்கைப் பேட் இறுக்கிப் பிடித்தபடி வண்டி நின்றால், பேடின் சரக்கு அந்த ஒரே இடத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் ஒரு மயிரிழை தடிப்பாகிவிடும். பிறகு சக்கரம் சுற்றும்போதெல்லாம் பேட் அந்தத் திட்டில் ஏறி இறங்கும். அதுதான் உதறல். மெதுவாகப் போனால் தெரியாது. வேகமும் சூடும் சேருகிற பாலத்து இறக்கத்தில்தான் தெரியும். எல்லாம் கணக்காகப் பொருந்தியது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பட்டறைக்குத் திரும்பி முன் சக்கரங்களைக் கழற்றினேன். நட்டுகள் சரியாக இருந்தன. ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டிவிட்டு டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன். டிஸ்க் கோணவில்லை. மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பன்னிரண்டு இடத்தில் தடிமன் பார்த்தேன். பதினோரு இடத்தில் ஒரே அளவு. ஒரு இடத்தில் கூடுதல். துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அங்கே துடைத்தேன்.

கருநீலமாக ஒரு தடம். ஓரமெல்லாம் திருத்தமாக, உள்ளங்கை அகலத்தில். கழற்றி வைத்திருந்த பேடை எடுத்து அதன்மேல் வைத்தேன். அச்சு அப்படியே பொருந்தியது. இடது டிஸ்கிலும் அதே தடம், கொஞ்சம் மங்கலாக.

அரத்தை எடுத்துத் தேய்த்தேன். மற்ற இடத்தில் கடித்த அரம் தடத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. மேலே ஒட்டின சரக்கு மட்டும் என்றால் லேத்தில் சீவியபோதே போயிருக்கும். இது உள்ளே இறங்கியிருக்கிறது. இரும்பே அந்த இடத்தில் வெந்து கல்லாகியிருக்கிறது. சீவிய பிறகும் அந்தக் கல் மிச்சமிருந்து, சரக்கைத் தன்மேல் மறுபடி மறுபடி இழுத்து ஒட்டவைத்துக்கொண்டது. ஒரு பெண் சும்மா ஐந்து நிமிடம் பெடலை அழுத்திக் கும்பிட்டால் இரும்பு இப்படி வேகாது. முதல் தடம் விழுந்தபோது டிஸ்க் சிவக்கச் சிவக்கக் காய்ந்திருக்க வேண்டும். யாரோ தன் உயிரையே காலில் வைத்து மிதித்திருக்க வேண்டும். மிதித்த காலை எடுக்காமலே இருந்திருக்க வேண்டும்.

உதறல் எப்போது தொடங்கியது? தேவகி ஓட்டிய முதல் நாள். கோயிலில் நிற்கும் வழக்கமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அரத்தைக் கீழே வைத்தேன். யாருக்கும் சொல்லாத அந்தக் காரணத்தை இப்போது சொல்கிறேன். அன்று காலையில் நான் பாலத்தடியில் இருந்தேன்.

ஸ்டார்ட் ஆகாத ஒரு ஐஸ் வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தபோது பிரேக் கருகும் வாசனை வந்தது. திரும்பினால் பிக்கப் அலறிக்கொண்டு வந்து நின்றது. எல்லாரும் பின்னால் இருந்த பெண்களை இறக்க ஓடினார்கள். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். கங்காதரன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தான். நான் மனிதனைப் பார்க்கவில்லை. மெக்கானிக் புத்தி, பிரேக்கைத்தான் பார்த்தேன். இறக்கம் இன்னும் முடியவில்லை, கால் நழுவினால் வண்டி கூட்டத்துக்குள் போகும். டயருக்கு அடியில் கல்லை உதைத்துத் தள்ளினேன். பிறகு அவனைக் கீழே படுக்கவைக்க, குனிந்து அவன் காலைப் பெடலிலிருந்து எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை. இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தேன். அது என்னை எதிர்த்துக் கீழே அமுக்கியது. ஒரு முறை. நன்றாகத் தெரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். வந்துவிட்டது. வண்டி ஒரு சாண் உருண்டு கல்லில் முட்டி நின்றது. ஆஸ்பத்திரியில், கொண்டுவருவதற்கு முன்பே உயிர் போயிருந்தது என்றார்கள்.

அப்போது அவனுக்கு உயிர் இருந்ததா? எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக, துருப்பிடித்து இறுகிய எதை இரண்டு கையால் பிடித்து இழுத்தாலும் அந்தக் கால் என் கைக்குள் வந்துவிடுகிறது. பேயைப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னேனே, அது பாதி உண்மைதான். பார்த்ததில்லை. தொட்டிருக்கிறேன்.

தேவகி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கால் எதிர்த்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், விட முடியவில்லை.

அவள் டிஸ்கைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அம்மன் நிறுத்தல."

"இல்லம்மா."

"மேலயே உசுரு போகல."

"இல்ல. எறக்கம் பூரா அவன்தான் புடிச்சிருக்கான். நின்ன பெறகும் வுடல. கோர்ட்டுல கேட்டா இத்த சாட்சின்னு சொல்ல முடியாது. ஆனா என் தொழில் மேல ஆணையா, இது அவன் காலுதான்."

"நீ கால இழுக்கசொல்ல உசுரோட இருந்தாரா?"

"தெரியாதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை. "ரெண்டு வருசமா இத்த வயித்துல வெச்சுக்கினா என் வண்டிக்கு ஆயில் மாத்தின நீ? குப்பமே அவரப் பேயின்னுச்சு. புள்ளைங்க அந்த வண்டியாண்ட வராம ஓடுச்சுங்க. உன் வாயில இருந்த ஒரு வார்த்த வந்திருந்தா…"

ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் நான். எனக்குப் பயமாக இருந்தது, கொன்றுவிட்டேனோ என்று பயம். அதைத்தான் சொன்னேன்.

அவள் குனிந்து தன் உள்ளங்கையை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். "இத்தத் தேச்சு எடுத்துட முடியாதா?"

"முடியாது. புதுசுதான் போடணும்."

"போட்டா ஒதறாதா?"

"ஒதறாது."

"எப்பவுமா?"

எதைக் கேட்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த உதறலுக்கு மட்டும் ஏன் இரண்டு வருடம் என்னிடம் வரவில்லை என்பதும். தினமும் அந்த இறக்கத்தில் கண்ணை மூடாமல் ஓட்டிக்கொண்டு, அந்த உதறலில் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பயமா இருக்கும்னு சொல்வாங்கண்ணே. எனக்கு ஒரு நாளும் இல்ல" என்றாள். கையை எடுத்தாள். "போடு. பதினோரு பேரு உசுரு இருக்குது பின்னால. அவரு வுடல. நான் வுட்டா நல்லா இருக்காது."

பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் டிஸ்கும் பேடும் கை பிரேக் கேபிளும் வரவழைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்: புது டிஸ்க் பச்சைப் பிள்ளை, முதல் சூட்டில் என்ன பதிகிறதோ அது நின்றுவிடும், கோயிலில் நிற்கும்போது கை பிரேக்கைப் போட்டுவிட்டு உடனே காலை எடுத்துவிட வேண்டும். அவள் தலையை ஆட்டினாள். என்னோடு வேறு பேச்சில்லை. பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கித் தன் பக்கத்தில் சீட்டில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் விடியும்போது நான் பைக்கில் குப்பத்துக்குப் போய்விட்டேன். பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். இளவரசி இடுப்பில் குடத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா மெக்கானிக்கு, மந்திரிக்க வந்தியா?"

"சவாரி வந்தேன்க்கா" என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டேன். பழைய டிஸ்க் எனக்கும் தேவகிக்கும் நடுவில் இருந்தது.

பாலத்தின் மேல் வந்ததும் பின்னால் பேச்சு அடங்கிவிட்டது. எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இறக்கம் வந்தது. தேவகி பிரேக்கை மிதித்தாள். நான் ஸ்டியரிங்கில் இருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவு இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு வேகம் குறைந்தது.

"போயிட்டாம்பா" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பிறகு யாரோ அழுதார்கள். இரண்டு வருடம் அவனுக்குப் பயந்தவர்கள்தான்.

கோயிலருகே வண்டி நின்றது. இளவரசி குடத்தோடு முன் சக்கரத்துக்கு வந்தாள். தேவகி ஜன்னல் வழியே டிஸ்கை நீட்டினாள்.

"சக்கரத்துல ஊத்தாதக்கா. அன்னைக்கு ஆத்தா நிறுத்தல. அவருதான் நிறுத்தினாரு. நின்னும் கால எடுக்கல. இத்தினி நாளா ஒதறுனது இதான், அவரு மெதிச்ச தடம்."

இளவரசி என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் இறங்கி வந்து நின்றார்கள்.

"ஆமாக்கா. அவன் கால எடுத்தது நான்தான். சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

இளவரசி குடத்தைக் கீழே வைத்துவிட்டு டிஸ்கை வாங்கினாள். தடத்தின்மேல் விரலை ஓட்டினாள். ஒரு கைமாற்றி ஒரு கை, எல்லாரும் வாங்கித் தொட்டார்கள். பிறகு இளவரசி குடத்தை எடுத்தாள். சக்கரத்தில் ஊற்றவில்லை. அன்று வண்டி நின்ற இடத்தில், தார் ரோட்டில் ஊற்றினாள். உஸ் என்ற சத்தம் எதுவும் வரவில்லை. மஞ்சள் தண்ணீர் இறக்கத்தில் ஓடி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் கால்வரைக்கும் போய் நின்றது. இளவரசி பாடத் தொடங்கினாள்.

கை பிரேக் போட்டிருந்தது. நானே பார்த்தேன். ஆனால் தேவகியின் கால் பெடலை விட்டு வரவில்லை.

"கால எடும்மா" என்றேன் மெல்ல.

"தெரியும்ணே."

எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி இன்னும் அழுத்தினாள். புதுப் பேட் காயும் வாசனை உள்ளே வந்தது. அதே வாசனை. அந்த வாசனையில்தான் அன்றைக்கு நான் குனிந்தேன். இந்நேரம் கீழே என்ன பதிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? வேறு எவனாவதாக இருந்தால் மண்டையில் குட்டியிருப்பேன்.

ஒரு ஜோடி டிஸ்க்தானே, போனால் போகட்டும். மறுபடி மாற்றித் தருகிறேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவளாக எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.